பொங்கல் வரை தள்ளிப்போட்ட முட்டி ஆபரேஷன்

எக்ஸ்ரேயைப் பார்த்த முதல் டாக்டர், "ரெண்டு முட்டியிலயும் தேய்மானம் நாலாவது கிரேடு, கடைசிக் கட்டம்மா, மூட்டு மாத்துற ஆபரேஷனை அடுத்த வாரமே பண்ணிடலாம்" என்றார். நாங்கள் அறையை விட்டு வெளியே வந்தால், பேக்கேஜ் விலை எழுதிய தாளோடு ஒரு பெண் தயாராக நிற்கிறார். ரோபோ உதவியோடு ஆபரேஷன் என்றால் ஒரு விலை, சாதாரணமாக என்றால் ஒரு விலை. நான் எவ்வளவு தூரம் நடக்கிறேன், ராத்திரி தூங்குகிறேனா என்று அந்தத் தனியார் மருத்துவமனையில் யாருமே கேட்கவில்லை.

அதைக் கேட்டது சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில். ஓ.பி. சீட்டு வாங்கி வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். படி ஏற முடிகிறதா, படுத்தாலும் வலிக்கிறதா, காலை முழுசாக நீட்ட வருகிறதா, வலி மாத்திரை எவ்வளவு போகிறது என்று அந்த டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போது எனக்குப் படியில்தான் வலி, படுத்தால் தூங்கிவிடுவேன். "இதே எக்ஸ்ரேயோட காசிமேட்டுல மீன் கூடை தூக்குறவங்க இருக்காங்க. உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார்.

சரி என்று அவர் சொன்னபடி செய்தேன். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சி, சோற்றைக் குறைத்து எடையைக் குறைப்பது, வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் தடி. (நான் அதே பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.) அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் வேலை மகனுக்குப் போனது. உறவுக்காரர்கள் கொண்டுவந்து குவித்த தைலங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிதான் நல்ல பலன் கொடுத்தது. ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது.

அப்புறம் வலது கால் மாற ஆரம்பித்தது. புரண்டு படுத்தால் விழிப்பு வந்துவிடும். கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்தது, முழுசாக நீட்ட வரவில்லை. பௌர்ணமி தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போனவள், இரண்டு மாடி இறங்க வேண்டுமே என்று வீட்டிலேயே விளக்கேற்ற ஆரம்பித்தேன். தேரடி மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, எங்கள் வீட்டில் இல்லையே. இதற்கு மேல் போனால் தொடைச் சதை வற்றி, ஆபரேஷனுக்குப் பிறகு தேறுவது கஷ்டம் என்றார் பிசியோதெரபிஸ்ட். செயற்கை மூட்டு ரொம்ப நாள் வராது என்ற பயமும் எனக்கு இருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு 25 வருடம் வரை தாங்குகிறதாம். ஐம்பது வயதுக்காரர் யோசிக்கலாம், எனக்கு 66.

முடிவு செய்தது ஐப்பசியில். ஆனால் உடனே முடியவில்லை. முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்ததால் கிருமித்தொற்றுக்குப் பயந்து மூன்று மாதம் விடச் சொன்னார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி எட்டைத் தாண்டியிருந்தது. அதையும் இறக்க வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு முன் நான் சம்மதித்திருக்க மாட்டேன். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். வாக்கரை வைத்துக்கொண்டு தையல் பிரிக்க எப்படிப் போவது?

செலவைப் பற்றி ஒன்று. மத்திய அரசு 2017 ஆகஸ்டில் செயற்கை முட்டி மூட்டுக்கு விலை வரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை மூட்டு, வரி தவிர்த்து 54,720 ரூபாய்க்கு வந்தது. ஆக, பேக்கேஜில் மூட்டுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள். என் பென்ஷன் அதைத் தாண்டிவிடுவதால், பென்ஷன்தாரர் காப்பீடு போக மீதியைக் கையிலிருந்து கட்டினேன்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துதான் செய்தார்கள். மறுநாளே வாக்கரில் நிற்க வைத்துவிட்டார்கள். முட்டியை மடக்கும் பயிற்சி இருக்கிறதே, பழைய வலி எவ்வளவோ தேவலாம் என்று ஆரம்பத்தில் அழுதிருக்கிறேன். தழும்புக்குப் பக்கத்தில் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காருவது போயே போச்சு. மாடி ஏறுகிறேன், கோயிலுக்குப் போகிறேன்.

இடது முட்டியை எப்போது செய்வாய் என்று கேட்கிறார்கள். ராத்திரி தூங்க விடுகிற வரை அதைத் தொடப் போவதில்லை.