தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா?

ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்தத் தைரியம் முதல் நாலுமுனை ஸ்டாப் வரைக்கும் தாங்கும். நாலு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும், சிக்னல் இருக்காது. யார் முதலில் கோட்டில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார், அடுத்து வந்தவர் அடுத்து. சக்கரம் முழுசாக நிற்கவேண்டும். மெல்ல உருட்டிக்கொண்டே மூக்கை நுழைப்பது நம் ஊரோடு சரி. உங்கள் முறை வந்ததும் தயங்காமல் கிளம்புங்கள், தயங்கினால் மற்ற மூவரும் குழம்புவார்கள். மின்வெட்டில் சிக்னல் அணைந்தாலும் இதே கணக்குதான். சிக்னலை இங்கே ‘ரோபோ’ என்பார்கள். மூன்றாவது ரோபோவில் திரும்பச் சொன்னால் பொம்மையைத் தேடாதீர்கள்.

கார் எடுக்கும்போது ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்குவதில்லை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தாலும் விபத்தில் முதல் தொகை உங்கள் தலையில்தான், அதற்குப் பெயர் எக்ஸஸ். டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் சாதாரண இன்சூரன்ஸில் வராது, தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். வீல் ரிம்மில் உள்ள கீறல், முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் அதில் தெரியவேண்டும்.

கிங் ஷாக்கா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். என்2 வேகமான வழி, கடலோர எம்4 அழகான வழி. ஊருக்குள் 60, நெடுஞ்சாலையில் 120 என்பது பொதுவான வரம்பு, ஆனால் பலகையில் உள்ளதே கணக்கு. 2008 வாக்கில் தெருப் பெயர்களை மாற்றினார்கள். ஜிபிஎஸ் டாக்டர் யூசுஃப் தாது தெரு என்று காட்டும், வழி கேட்டால் பெரியவர்கள் கிரே ஸ்ட்ரீட் என்பார்கள், இரண்டும் ஒன்றே. மினிபஸ் டாக்சிகள் கைகாட்டிய இடத்தில் நிற்கும், பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

உண்மையான சிக்கல் வண்டியை நிறுத்தும்போதுதான். ரிமோட்டை அழுத்திவிட்டு நடக்காதீர்கள், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட்டின் அலையைத் தடுக்கும் கருவி வைத்துக்கொண்டு பூட்டாமல் விட வைக்கும் திருடர்கள் உண்டு. பையையும் போனையும் கிளம்பும் முன்பே டிக்கியில் போடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால் பார்ப்பவருக்கே வழி காட்டுவதாகும். சீட்டில் பை தெரிந்தால் ரோபோவில் நிற்கும்போதே கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுவார்கள். ஒளிரும் சட்டை போட்டு, நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்பவருக்குத் திரும்பி வந்ததும் சில ராண்ட் கொடுங்கள். பெட்ரோலை ஊழியரே போடுவார், அவருக்கும் 5 அல்லது 10 ராண்ட் வழக்கம்.

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போவதென்றால் திருவிழாக் கூட்டம் சேரும் முன் விடிகாலையிலேயே போய்விடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் முன் டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வீடியோ எடுங்கள். வேகக் கேமரா அபராதம் வாரங்கள் கழித்துக்கூட வரும்; அதை அனுப்பிவைத்த கட்டணம் என்று வாடகை நிறுவனம் உங்கள் கார்டில் தனியாக எடுத்துக்கொள்ளும்.