நாய் உள்ள வீட்டில் எந்தச் செடி இருக்கலாம், எது போக வேண்டும்

நாய்க்கு ஆகாத செடிகள் என்று கிடைக்கும் பட்டியல்களில் பெரிய குறை ஒன்று உண்டு. மணி பிளான்ட்டும், பனை போலத் தெரியும் அலங்காரச் செடியான சைக்கஸும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். மணி பிளான்ட்டைக் கடித்த நாய்க்கு வாய் எரியும், எச்சில் வடியும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும். சைக்கஸின் விதை ஒன்றிரண்டைத் தின்ற நாய் உயிரையே விடலாம். இரண்டுக்கும் ஒரே அளவு பயந்தால், ஒன்று எல்லாச் செடியையும் தூக்கிப் போட வேண்டும், அல்லது சலித்துப்போய் எதையும் செய்யாமல் விட வேண்டும்.

வீட்டைச் சரிபார்க்கும்போது நான் முதலில் பெயரைத்தான் பிடிப்பேன். வாங்கிய இடத்தில் சொன்ன பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் இலையின் மேல்புறம், கீழ்ப்புறம், தண்டும் இலையும் சேரும் இடம், பூ இருந்தால் பூ எனப் படம் எடுத்து, தாவரவியல் பெயரைக் கண்டுபிடித்துத் தொட்டியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். சைக்கஸை 'சேகோ பாம்' என்று விற்பார்கள். அது பனைக் குடும்பமே அல்ல. உண்மையான பனை வகையான அரேகா பாம் நாய்க்கு ஒன்றும் செய்யாது. பாஸ்டன் ஃபெர்ன் பாதுகாப்பானது. அஸ்பாரகஸ் ஃபெர்ன் பெரணியே அல்ல, அதன் சிவப்புப் பழம் வயிற்றைக் கலக்கும். லில்லி என்ற பெயரில் இன்னும் குழப்பம். பீஸ் லில்லி வாயை எரிக்கும். அசல் லில்லி பூனையின் சிறுநீரகத்தையே அழிக்கும், நாய்க்குப் பொதுவாக வாந்தியோடு நிற்கும். லில்லி ஆஃப் தி வேலி இதயத்தைத் தாக்கும்.

பெயர் தெரிந்த பிறகு, விஷம் எங்கே அடிக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், கலாடியம் எல்லாம் வாய்க்காரர்கள். இவற்றின் சதைக்குள் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. கடித்ததும் நாக்கிலும் ஈறிலும் குத்தும். வலி உடனே வருவதால் பெரும்பாலான நாய்கள் இரண்டாவது வாய் வைப்பதில்லை. ஸ்னேக் பிளான்ட், டிரசீனா, கற்றாழை ஆகியவை வயிற்றைப் பிடிப்பவை. கற்றாழையில் நடுவில் உள்ள சோறு அல்ல, தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால்தான் வாந்தி, வயிற்றுப்போக்குக்குக் காரணம். அரளி, அடீனியம், கலஞ்சோ மூன்றும் இதயத்துக்கு. சைக்கஸ் கல்லீரலுக்கு.

இப்படிப் பிரித்தால் முடிவு தானாக வந்துவிடும். இதயமும் கல்லீரலும் சம்பந்தப்பட்டவை வீட்டிலும் வேண்டாம், பால்கனியிலும் வேண்டாம். உயரத்தில் வைத்துச் சமாளிக்கலாம் என்ற பேச்சே இவற்றுக்குப் பொருந்தாது. அரளி இலை காய்ந்தாலும் விஷம் போகாது. அது நின்ற ஜாடித் தண்ணீரும் ஆபத்து. அதை எரிக்கவும் கூடாது, புகையும் விஷம். சைக்கஸை எடுக்கும்போது வேரோடு தோண்டி எடுத்து, சுற்றிலும் உருண்டு கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட வேண்டும். எல்லாப் பாகமும் விஷம், விதை மிக மோசம்.

வாய், வயிறு வகைகளை இடம் மாற்றினால் போதும். ஆனால் அலமாரி மேல் வைத்ததோடு வேலை முடியாது. கொடி கீழே இறங்கும், பழுத்த இலை உதிரும், நாய் சோபா மீது ஏறும். நாய் பின்னங்கால்களில் நின்றால் மூக்கு எட்டும் உயரத்துக்கு மேலேயே கொடியின் நுனி நிற்கும்படி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கத்தரித்த துண்டை அப்போதே பெருக்க வேண்டும். வேர் விட ஜன்னலோரம் பாட்டிலில் போட்டு வைத்த துண்டுகளைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் நிறைய. மூன்று முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பல் முளைக்கும் காலம், எதையும் கடிக்கும்; அது முடியும்வரை இந்தச் செடிகள் கதவு சாத்திய அறையில் இருக்கட்டும். கசப்பு ஸ்ப்ரேயை நம்ப வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும், சில நாய்கள் அதையும் நக்கும். மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை. காலியான இடத்துக்கு ஸ்பைடர் பிளான்ட், கலத்தியா, பெப்பரோமியா, ஹோயா போதும். இவற்றையும் நிறைய மென்றால் நாய் வாந்தி எடுக்கலாம். அது நாருக்கு, விஷத்துக்கு அல்ல.

செடியைப் பார்க்கும் கண்ணுக்குத் தொட்டி மண் படாது. எலும்புத் தூள் உரத்தின் வாசனை நாயை இழுக்கும். நிறையத் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். ஆமணக்குப் புண்ணாக்கில், சரியாகப் பதப்படுத்தாவிட்டால், ரிசின் என்ற கொடிய விஷம் மிஞ்சியிருக்கும். மெட்டால்டிஹைடு உள்ள நத்தை மருந்து நடுக்கமும் வலிப்பும் வரவைக்கும்.

கடித்துவிட்டால் முதலில் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதானால் தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஊற்றி வெளியே வழிய விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். ஊசிப் படிக வகை என்றால் இரண்டு ஸ்பூன் பால் அல்லது தயிர் எரிச்சலைக் குறைக்கும். அடுத்து கால்நடை மருத்துவருக்கு போன். செடியின் பெயர், எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை: அவர் கேட்பது இவைதான். மென்ற துண்டை ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.

நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி நாயைக் கொன்றுவிடலாம். ஊசிப் படிகம் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை குத்தும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கூட மருத்துவர் அளவு சொன்னால் மட்டுமே. தள்ளாடும் நாய், வலிப்பு வரும் நாய், சப்பை மூக்கு நாய் எதற்கும் கூடாது.

இதய வகை என்றால் வழியிலேயே நாடியைப் பாருங்கள். பின்னங்கால் தொடையின் உட்புறம், இடுப்போடு சேரும் பள்ளத்தில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் விட்டு விட்டு அடித்தாலோ, வழக்கத்தைவிட மிக மெதுவாக இருந்தாலோ போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

சைக்கஸில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதல் நாள் வாந்தி நின்று, நாய் தேறியது போலத் தெரியும். கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் கண்ணாகவும் ரத்தக்கசிவாகவும் வெளியே வரும். அதனால் முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் 24, 48, 72 மணி நேரத்தில் கல்லீரல் நொதிகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.