மூன்றடி வைத்தியம்

ஜூன் 14, 2025, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இந்தக் காற்று ஆடி முடியும்வரை கோயம்புத்தூரை விடாது. கொடிக்கம்பம் வளைந்து நிற்கிறது, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கோல்ஃப் ஆடும் எங்கள் நால்வருக்குள் ஓர் ஒப்பந்தம்: புட், அதாவது குழியை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டுவது, யாருக்குத் தவறினாலும் காற்றைக் குறை சொல்லக் கூடாது. வேறு காரணம் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் சிரிப்பு வரும்படி. தோற்பவர் டிபன் வாங்கித் தர வேண்டும் என்பது தனி.

ஏழாவது கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், மோட்டார் அண்ணனுக்கு மூன்றடி தூரப் புட். பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பதால் அந்தப் பெயர். பந்து குழி விளிம்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வந்த பக்கமே திரும்பி வந்து நின்றது. அண்ணன் புட் அடிக்கும் மட்டையான புட்டரை ஊன்றிக்கொண்டு குழியையே முறைத்தார்.

“இது பத்தாதுங்க. பட்டறைக்குக் கொண்டாங்க, லேத்துல வெச்சு ஒரு கட்டிங் போட்டுத் தர்றேன்.”

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர் என்றேன். 1891ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப்காரர்கள் விதியாக எழுதிவைத்த அளவு, இன்றுவரை மாறவில்லை. “108ஆ? அப்ப ஆம்புலன்ஸ் வர்றது சரிதானுங்களே” என்றார் டாக்டர்.

அண்ணனின் யோசனை ஒன்றும் புதிதல்ல. கோல்ஃபின் பெரிய பட்டங்களை எல்லாம் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசனே எட்டு அங்குலக் குழி வேண்டும் என்று கேட்டவர். 2014ல் அமெரிக்காவில் பதினைந்து அங்குலக் குழி வெட்டி ஆடிப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. அண்டா அகலத்துக்குக் குழி வெட்டிவிட்டால் நாங்கள் எதைப் பேசிச் சிரிப்பது?

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஆடிட்டரின் முறை. நாலு அடி, ஐந்து அடிப் புட் எல்லாம் வரிசையாகத் தவறிப்போயிற்று. ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். (நேற்றைய 108 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.)

“கிரீன்ல இருக்கறது என்ன புல்லுனு தெரியுங்களா?” என்று டாக்டர் கேட்டார். பெர்முடா. நம்மூர் அருகம்புல்தான் அது; ஒட்ட வெட்டி உருளை ஓட்டிப் பராமரிக்கிறார்கள். “அவருக்குச் சாத்த வேண்டிய புல்லை ஆணிச் செருப்புல மிதிச்சுட்டு, அவர்கிட்டயே போய் வேண்டுதலா? நீங்க குழியப் பாத்து அடிச்சாக்கூட அவர் தும்பிக்கையால தள்ளி விட்டுருவாரு.”

ஆடிட்டர் அடுத்த கிரீனில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புட் அடித்தார். அதுவும் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

விடியற்காலையிலேயே எழுந்து யுஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் பார்த்தேன். ஓக்மான்ட்டில் மழை நின்று மீண்டும் ஆட்டம் தொடங்கியபின் ஜே.ஜே. ஸ்பான் கடைசிக் கிரீனில் 64 அடி தூரத்திலிருந்து ஒரே தட்டில் குழியில் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டார். இரண்டு தட்டில் போட்டிருந்தாலும் போதும், ஜெயித்திருப்பார்.

ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸப்: “64 அடி போகுது. அப்ப நம்மகிட்ட கோளாறு தூரம் கம்மியா இருக்கறதுதான். இனிமே மூணடியில நின்னா நான் பின்னாடி தட்டிட்டுப் போய்டறேன்.”

சிரித்தாலும் விஷயம் இருக்கிறது. போன வருஷம் இதே போட்டியில், பைன்ஹர்ஸ்ட்டில், ரோரி மெக்கில்ராய் பதினாறாவது கிரீனில் இரண்டரை அடி புட்டைத் தவறவிட்டார். பதினெட்டில் நாலு அடிக்கும் குறைவான ஒன்று. பிரைசன் டிசாம்போ ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறக்குறையப் பாதிதான் போடுகிறார்கள். இதைக் குழுவில் போட்டேன். “அப்ப நாங்க பாதிக்குப் பாதி ப்ரொஃபஷனல்” என்று ஆடிட்டர் கணக்கை முடித்துவிட்டார்.

ஜூன் 21, சனி

இந்தச் சீசனின் சிறந்த காட்சி இன்றுதான். பதினொன்றாவது கிரீன், ஆடிட்டரின் பந்து குழி விளிம்பில் வந்து பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று நின்றுவிட்டது. விதிப்படி, நியாயமான நேரத்தில் நடந்து போய்ச் சேர வேண்டும், சேர்ந்தபின் பத்து விநாடி காத்திருக்கலாம். அதற்குள் விழுந்தால் அடித்த அடியிலேயே விழுந்ததாகக் கணக்கு.

ஆடிட்டர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. கல்யாண ஊர்வலம்கூட அதைவிட வேகமாகப் போகும். வழியில் குனிந்து செருப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பந்து விழுந்த தடம் ஒன்றைத் தேடித் தேடிச் சரிசெய்தார். பிறகு குழி அருகே மண்டியிட்டு, முகத்தைப் பந்துக்கு நேராக வைத்துக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டார்.

“ஊதறீங்க, ஊதறீங்க!” என்று அண்ணன் கத்தினார்.

“ஊதலைங்ண்ணா. இன்னைக்கு யோகா தினம். பிராணாயாமம்.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றும் நடக்கவில்லை. பதினாலு என்கும்போது கணவாய்க் காற்று ஒரு வீச்சு வீசியது, பந்து டொக்கென்று உள்ளே போனது. பத்து விநாடிக்கு மேல் ஆகிவிட்டால் தானாக விழுந்தாலும் கணக்கில் ஒரு தட்டு கூட்டிக்கொள்ள வேண்டும். தட்டியிருந்தாலும் அதே கணக்குதான்.

“டாக்டர் வேகமா எண்ணிட்டாரு” என்பது ஆடிட்டரின் வாதம். டிபன் சாப்பிடும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காசு கொடுத்தது அவர்தான் என்பதால் பேச விட்டுவிட்டோம்.

ஜூன் 22, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. டாக்டர் மட்டும் ஜெர்மன் கோல்ஃப் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கரைப் பற்றி நீளமாக ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். புட் அடிக்கும்போது கை உதறுகிற யிப்ஸ் பலமுறை வந்தும், பிடியை மாற்றி மாற்றி மீண்டு வந்த மனிதர் அவர். நீளப் புட்டரை உடம்போடு ஒட்டி வைத்து அடிப்பதை 2016ல் தடை செய்தபின், அதே புட்டரை ஒட்டாமல் பிடித்து ஆடுகிறார். “நானும் மாத்தப் போறேன்” என்று முடித்திருந்தார். பிடியையா, புட்டரையா, ஆட்டத்தையா என்று அண்ணன் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஜூன் 28, சனி

ஆடிட்டர் புதுப் புட்டர் வாங்கியிருக்கிறார். விலையைச் சொல்ல மறுக்கிறார், வீட்டில் தெரியக் கூடாதாம். முதல் வருஷத் தேய்மானம் மூன்றாவது கிரீனிலேயே முடிந்துவிட்டது.

டாக்டருக்குத்தான் இன்று படு மோசம். அவருடைய பையைத் தூக்கி வரும் பெரியவர் பொதுவாக வாய் திறக்கமாட்டார். ஒன்பதாவது கிரீனில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். “அடிச்ச ஒடனே தலையத் தூக்கறீங்க சார். குனிஞ்சே நில்லுங்க. பந்து உள்ள விழற சத்தத்தக் காதுல கேளுங்க, கண்ணுல பாக்காதீங்க.”

நல்ல யோசனை. தலை எழுந்தால் தோள் திரும்பும், புட்டர் முகமும் கூடவே திரும்பிவிடும். டாக்டர் அப்படியே செய்தார். நாலடி புட். தட்டினார், குனிந்தார், அசையவில்லை. நாங்களும் மூச்சுவிடாமல் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“ஒண்ணும் கேக்கலீங்களே” என்றார், குனிந்தபடியே.

“பந்து அந்தப் பக்கம் அஞ்சடி போயிருச்சுங்க” என்றார் அண்ணன். “எதுக்கும் உங்க கிளினிக்லயே ஒரு டோக்கன் போட்டுக் காதைக் காட்டிருங்க.”

டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர்.

அடுத்த சனி டிபன் இவர் கணக்கு. நெய் ரோஸ்ட் என்று இப்போதே சொல்லி வைத்தாயிற்று.