பழைய லாரி சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள்

இன்ஜின் சூடாகிறது என்றதும் முதலில் கழற்றப்படுவது ரேடியேட்டர், அடுத்தது தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு). இரண்டையும் மாற்றிய பிறகும் டெம்பரேச்சர் முள் இறங்காத வண்டிகள் நிறைய உண்டு. ஸ்பேனரை எடுக்குமுன் ஓட்டுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது சூடாகிறது?

நின்ற இடத்திலும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் சூடேறி, வேகமெடுத்ததும் முள் இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில். ஃபேன், பெல்ட், விஸ்கஸ் கப்ளிங் (சூடேறினால் ஃபேனை இறுக்கிச் சுற்றவைக்கும் பகுதி), ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) ஆகியவற்றைப் பார்த்தால் போதும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலோ லோடோடு மேடு ஏறும்போதோ சூடானால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டருக்குள் அடைப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்), உள்ளிழுத்துச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கொதித்தால் மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) அல்லது பழுதான ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு).

முள்ளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் டெம்பரேச்சர் கேஜுக்கும் டீசல் கேஜுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறி நின்றால் கோளாறு டேஷ்போர்டில்தான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளந்து பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அளவு குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் தளர்ந்தாலோ, பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல மின்னினாலோ அது வழுக்குகிறது. விஸ்கஸ் ஃபேனை, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். தட்டிவிட்டதும் தானாகப் பல சுற்றுச் சுற்றினால் உள்ளிருக்கும் சிலிக்கோன் ஆயில் போய்விட்டது. கப்ளிங்கின் முகத்தில் தூசி படிந்த எண்ணெய்க் கறை தெரியும். ஷ்ரவுட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும் வண்டிகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரை வெளியே கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போய் உட்காரும். அழுத்தம் அதிகமானால் ஃபின்கள் மடங்கிவிடும். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேரும் அழுக்கு வெளியே தெரியாது; இன்டர்கூலரை இறக்காமல் சுத்தம் செய்ய முடியாது. உள் அடைப்பைக் கண்டுபிடிக்க, சூடான ரேடியேட்டரின் முகம் முழுவதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஓட்டுங்கள். சுற்றிலும் சூடாக இருக்க ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே டியூப்கள் அடைத்திருக்கின்றன. செம்பு–பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து ராட் விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியம் என்றால் அடைப்பு முற்றியபின் மாற்றுவதே மேல். அலுமினியத்தில் காஸ்டிக் சோடா ஊற்றவே கூடாது, அரித்துவிடும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில்தான் தவறு அதிகம். சூடாகிறது என்று அதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் நேராக பம்புக்குத் திரும்பி, லோடில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். பைபாஸ் தட்டு இல்லாத இன்ஜினில் இதற்கு நேர்மாறு: தேவையான சூடே ஏறாமல் டீசல் செலவும் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானமும் கூடும். எனவே கழற்றியதைச் சோதித்துப் பாருங்கள். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 டிகிரி வாக்கில் முழுதாகத் திறக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போதும் பாதிதான் திறக்கிறதென்றால் அது வேலைக்கு ஆகாது.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. தண்ணீரும் கூலன்ட்டும் 50:50 கலந்த கலவை வெறும் காற்றழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும்; 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் அது 125 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் மூடியில் ஆறும்போது திறக்க வேண்டிய வேக்கம் வால்வு சிக்கியிருக்கலாம்.

அடுத்தது குமிழி. ஆறிய இன்ஜினில், மூடியைத் திறந்து விளிம்புவரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் தேங்கிய காற்று. நிற்காமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் இன்ஜின் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட்டை இறக்க அவசரப்பட வேண்டாம். ஏர் பிரேக் உள்ள லாரிகளில் கம்ப்ரெசரின் ஹெட்டுக்கும் இன்ஜின் தண்ணீர்தான் போகிறது; அதன் கேஸ்கட் போனாலும் இதே குமிழிதான். ஏர் டேங்க் நிரம்பும்வரை குமிழி வந்து, நிரம்பிக் கம்ப்ரெசர் கட்-அவுட் ஆனதும் (காற்றை அழுத்துவதை நிறுத்தியதும்) நின்றுவிட்டால் கோளாறு கம்ப்ரெசரில். ஒரு சின்ன கேஸ்கட்டோடு முடியும் வேலை.

இன்ஜின் ஹெட்தான் என்றால், ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்ச் சட்டம்) வைத்து ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) வளைவைப் பாருங்கள். 0.1 மி.மீ. நுழைந்தாலே முகத்தைச் சமன்படுத்தும் ஃபேஸிங் தேவைப்படலாம். சரியான வரம்பு மேனுவலில் இருக்கும். வெட் லைனர் (வெளிப்புறம் தண்ணீர் நேராகப் படும் லைனர்) இன்ஜினில் லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளக்காமல் மூடினால், அமிழ்ந்த லைனர் புதுக் கேஸ்கட்டையும் காவு வாங்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாகக் குறித்த அளவுக்கு முறுக்க (டார்க் செய்ய) வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடாகிறதா? இன்ஜெக்ஷன் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், பிரேக் பிடித்தபடியே ஓடலாம், சைலன்சர் அடைத்திருக்கலாம்.

வழியில் கொதித்தால் சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தால் வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீரே இல்லையென்றால் உடனே அணையுங்கள். சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வேலை முடிந்து நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ஏர் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கசிவைத் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில், பம்பின் கசிவு வெளியே வரும் சிறு துளையிலிருந்து தொடங்குங்கள்.