உதிர்கின்ற மாதங்கள்

2025 மார்ச் 9, ஞாயிறு

காய்ச்சல் விட்டு இரண்டு மாதங்கள் கடந்து, உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய வேளையில் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. எண்ணெயை மாற்றிப் பார்க்கும்படி அம்மா சொல்கிறார். எண்ணெய் மேல் குற்றமில்லை. கடுங்காய்ச்சல் வரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பங்கை உடல் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாமல், ஏறத்தாழ மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டுத்தான் கழல்கிறது. ஆகவே இன்று சீப்போடு வந்தவை மார்கழிக் கணக்கில் எழுதப்பட்டவை. இன்று நான் உண்பதன் பலனும் அதே போலப் பிந்தித்தான் தெரியும் என்பதுதான் பொறுக்க முடியாத பகுதி.

மார்ச் 10

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எவருக்கும் இயல்பு என்கிறார்கள். நான் எண்ணப் போவதில்லை.

மார்ச் 13

தலையணையிலிருந்து எடுத்த ஒரு முடியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நுனியில், உப்புக்கல்லிலும் சிறிதாக, வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தது. அடுத்த வீட்டு மாமி அதைக் கண்டு, "ஐயோ பிள்ளை, வேரோட வருது" என்று பதறினார். அது வேர் அன்று. ஓய்வுக்காலம் முடிந்த முடியின் தடித்த அடிநுனி மட்டுமே. உண்மையான வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து புதிய முடி புறப்பட்டுப் பழையதை வெளியே தள்ளுகிறது. மாமிக்கு இதைச் சொன்னேன். நம்பியவராகத் தெரியவில்லை, மாலையில் வெங்காயச் சாறு அரைத்துக் கொடுத்தனுப்பினார். மணம் தாங்காமல் அதை அக்கா வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

மார்ச் 17, பங்குனித் திங்கள்

அம்மா விரதம், அதனால் வீட்டில் மீன் இல்லை. முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதம், ஆகவே புரதம் குறையும் நாளில் உடல் முதலில் கைவிடுவது உயிர்வாழத் தேவையற்ற இந்தப் பகுதியைத்தான். விரதத்தை விடச் சொல்லி அம்மாவோடு வாதாட எனக்கு மனமில்லை. அவித்த கடலையும், பயற்றங்கறியும், இரவுக்கு உளுத்தம்மாப் பிட்டும் எனக்குப் போதும் என்று ஏற்றுக்கொண்டேன். முருங்கையிலை வறையும் இருந்தது, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டார்கள். இலைகளில் உள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை. புளியில் உள்ள வைட்டமின் சி அதற்குக் கை கொடுக்கிறது. இதையெல்லாம் அறியாமலே அம்மம்மா காலத்திலிருந்து வறைக்குத் தேசிக்காய் பிழிந்து வந்திருக்கிறார்கள். ஆனால் உணவு முடிந்த கையோடு சாயத் தேநீர் குடிப்பதும் அதே காலத்திலிருந்து வருவதுதான், அது இரும்பு உடலில் சேர்வதைத் தடுத்து, பிழிந்த புளியின் பயனைப் பெருமளவு கெடுக்கிறது.

மார்ச் 18

அலுவலகத்தில் சோற்றுப் பொதியைப் பிரிக்கும் முன்பே தேநீர்க் கோப்பைகள் வந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம் கழித்துத் தாருங்கள் என்று கேட்டால் என்னை நோயாளி போலப் பார்க்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

விடியற்காலையில் வந்த சூடை மீனை அக்கா வாங்கி வந்தாள். இவ்வளவு மலிவான மீனில் புரதமும், இரும்பும், வைட்டமின் டியும், பி12உம் ஒன்றாகக் கிடைக்கும்போது, அழகான போத்தலில் வரும் மாத்திரைக்கு மக்கள் ஏன் ஏங்குகிறார்களோ தெரியவில்லை.

தலை முழுகும் நாளில் செய்வதை இங்கே எழுதி வைக்கிறேன். முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெயை முடியின் நீளத்துக்குத் தடவுகிறேன். அது முடிக்குள்ளேயே ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. ஆனால் உச்சந்தலையில் தேய்த்தால் புதிய முடி முளைக்கும் என்பதை நான் ஒப்பமாட்டேன். பொடுகு உள்ளவர்களுக்கு அங்கே எண்ணெய் ஊறிக்கிடப்பது கெடுதலும்கூட, ஏனெனில் பொடுகோடு தொடர்புள்ள நுண்ணுயிர் கொழுப்பை உண்டே வளர்கிறது. நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறும் என்பதால் துவாயால் உதறி அடிக்காமல் ஒற்றியெடுக்கிறேன். அகன்ற பல் சீப்பை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொண்டு போகிறேன். இறுக்கிய கொண்டையை விட்டுவிட்டேன், நெற்றியோர முடியை அது நாளாவட்டத்தில் தின்றுவிடும். எங்கள் கிணறு சற்று உவர். கடைசி வாளிக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன், முடி சொரசொரக்காமல் இருக்கிறது.

மார்ச் 29

கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள் முடிக்கென்று பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் மாத்திரை அனுப்பியிருக்கிறாள். பயோட்டின் குறைபாடு அரிது. முட்டையும் கச்சானும் உண்பவர்களுக்கு அது வருவதற்குக் காரணமே இல்லை, பச்சை முட்டை வெள்ளையை நாள்தோறும் குடித்தாலொழிய. அதிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும், வேக வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மேலும் அதிக அளவு பயோட்டின் தைரொயிட்டு இரத்தப் பரிசோதனையின் முடிவைக் குழப்பக்கூடும், எனக்கோ அந்தப் பரிசோதனைதான் அடுத்து இருக்கிறது. போத்தல் அலுமாரிக்குள் போய்விட்டது. அன்போடு அனுப்பியதைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஏப்ரல் 3

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்தால் முடி நிற்கும் என்று யாரோ சொன்னதாக அம்மா சொன்னார். போவதற்கு எனக்கு ஆசைதான். முடிக்காக அன்று.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கோயிலில் வாங்கிய மருத்துநீரை அம்மா என் தலையில் வைத்தபோது விரல்கள் ஒரு கணம் வகிட்டிலேயே நின்றன. ஒன்றும் சொல்லவில்லை. வகிடு அகன்றிருப்பது எனக்கும் தெரியும். காய்ச்சலால் வரும் இந்த உதிர்வு பொதுவாக ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும் என்பதும், முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும் என்பதும் தெரியும். தெரிந்தும் கண்ணாடிக்கு முன் நிற்காமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 19

முடிவு வந்தது. தைரொயிட்டு சரி. ஹீமோகுளோபின் சரி. பெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பு, மிகவும் குறைவு. இரத்தச் சோகை இல்லாமலே சேமிப்பு வற்றியிருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். காய்ச்சலோடு இதுவும் சேர்ந்துதான் இழுத்திருக்கிறது. பரிசோதிக்காமல் தானாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவோருக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னார்: இரும்பு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். வைட்டமின் ஏயும் செலினியமும் மிஞ்சினாலோ முடிதான் கொட்டும்.

ஏப்ரல் 20

மாத்திரையை வெறும் வயிற்றில், தோடம்பழச் சாற்றோடு. தேநீர் நெருங்கக் கூடாது.

ஏப்ரல் 22

வயிறு பிரட்டுகிறது. ஒன்று விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். நெற்றியோரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் குட்டை முடிகள் புதிதாக முளைத்தவையா, அறுந்தவையா என்று அக்காவிடம் காட்டினேன். நுனி கூராக இருந்தால் முளைத்தது, மொட்டையாக இருந்தால் அறுந்தது என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனாள்.