பெயரின் கடைசி மூன்று எழுத்துகள்

நண்பர் தந்த பென்டிரைவில் இன்று ஒரே ஒரு கணக்குக் கோப்புதான் இருந்தது. அதைச் சொடுக்கியதும், எந்தச் செயலியில் திறப்பது என்று கணினி என்னையே கேட்டது.

பெயரின் முடிவில் 'கியூபிபி' (QBB) என்று மூன்று ஆங்கில எழுத்துகள்.

குவிக்புக்ஸ் டெஸ்க்டாப் என்ற கணக்கு மென்பொருளில் அன்றாடம் பதிவு செய்யும் நிறுவனக் கோப்பு 'கியூபிடபிள்யூ' என்று முடியும்; 'கியூபிபி' அதன் காப்பு நகல். அந்த நகலை மென்பொருளுக்குள் சென்று மீட்டெடுத்தால்தான் அது மீண்டும் கணக்கேடாகும். நண்பரோ முன்பு அதன் பெயரை மாற்றி எக்ஸெலில் திறக்க முயன்று, தரவே அழிந்துவிட்டதென்று கலங்கியிருந்தார். பெயரை மாற்றுவதால் உள்ளிருக்கும் தரவு மாறுவதில்லை என்பதால், என்னிடம் தருமுன் அவர் பழைய பெயரையே திருப்பி வைத்திருந்தது போதுமானதாக இருந்தது.

பழைய கோப்பின்மேல் எழுதிவிடாமல் இருக்க, புதிய கோப்புறையில் மீட்டெடுத்தோம்.

பதிப்பும் முக்கியம். புதிய பதிப்பில் உருவான கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது; பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து மேம்படுத்திவிட்டாலோ, அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக் கொண்டுவர இயலாது என்பதால், முதலில் ஒரு நகல் எடுத்து வைப்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

காகிதப் பேரேட்டைப் புரட்டக் கண்ணும் கையும் போதும். இதற்கு மென்பொருளும், பொருந்தும் பதிப்பும், நிர்வாகியின் கடவுச்சொல்லும் வேண்டும். இவற்றில் ஒன்று தொலைந்தாலும் பல ஆண்டு உழைப்பு கைக்கெட்டாமல் போகுமே என்ற அச்சம் எனக்கு உண்டு.

பேரேடு திறந்ததும், எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் பட்டியலிடும் இருப்பாய்வை முதலில் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக் கொடுத்தேன்.