ஸ்டூடன்ட் வீசாவில் இருப்பவர் ஐரோப்பியக் குடிமக்களில் ஒருவரை மணந்தால்

டென்மார்க்கில் போய்ப் பதிவுத் திருமணம் செய்தால் செல்லுமா, படிக்கும் நாட்டில்தான் செய்ய வேண்டுமா என்பதுதான் பலருக்கும் முதல் கவலை. கல்யாணம் எங்கே நடந்தது என்பது வசிப்புரிமையைத் தீர்மானிப்பதில்லை. 2008இல் மெட்டாக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கல்யாணம் எங்கே, எப்போது நடந்திருந்தாலும் உரிமை உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் குடியிருக்கப் போவது உங்கள் துணையின் சொந்த நாட்டிலா, வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலா?

இத்தாலிக்காரர் ஒருவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை மணந்தவருக்கு 2004/38 என்ற ஐரோப்பிய டைரக்டிவ் பொருந்தும்: வேறொரு ஒன்றிய நாட்டில் வாழும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வசிப்புரிமை தரும் பொதுச் சட்டம் அது. ஜெர்மன்காரரை மணந்து ஜெர்மனியிலேயே இருந்தால் அது பொருந்தாது. அந்நாட்டின் குடியேற்றச் சட்டம்தான். அதில் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு போன்ற நிபந்தனைகள் வரும், சில விலக்குகளும் உண்டு. உள்ளூர்க்காரரின் துணையைவிட வெளியிலிருந்து வந்தவரின் துணைக்கு வழி சுலபம் என்பது விநோதம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. துணையோடு வேறொரு ஒன்றிய நாட்டில் உண்மையாகவே வாழ்ந்துவிட்டுச் சொந்த நாடு திரும்பினால், டைரக்டிவின் பலன் கூடவே வரும். 1992இன் சுரீந்தர் சிங் வழக்கில் பிறந்த வழி இது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நிஜமான குடியிருப்பு வேண்டும், வார இறுதிப் பயணங்களைக் கூட்டிக் காட்டினால் எடுபடாது என்று 2014இல் ஒரு தீர்ப்பு வரையறுத்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்து 2021 முதல் இந்த வழியைப் புதிதாகத் தொடங்க முடியாது.

டைரக்டிவ் பொருந்தும் என்றால், அடுத்தது துணையின் தகுதி. வேலையில் இருந்தால் சிக்கல் குறைவு: பகுதிநேர வேலையாக இருந்தாலும் உண்மையான வேலை என்றால் போதும், குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்ற வரம்பு கிடையாது. அவரும் மாணவர் என்றால்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்போது இருவருக்கும் முழுமையான மருத்துவ இன்சூரன்ஸும், பிழைக்கப் பணம் இருக்கிறது என்ற உறுதிமொழியும் வேண்டும். பயணக் காப்பீட்டைக் கொண்டுபோய் நீட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

காகித வேலையில் வரிசை முக்கியம். பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் சான்றிதழ் இரண்டுக்கும், அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று காட்டும் சர்வதேச முத்திரை) செல்லும் நாடாக இருந்தால், முதலில் அது, பிறகுதான் மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்ப்பில் இருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மணமாகாதவர் சான்றிதழ் சீக்கிரம் காலாவதியாகிவிடும், அதைக் கடைசியாக எடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். திருமணச் சான்றிதழில் ஏறிவிட்ட பிழை அதற்குப் பிறகு வரும் எல்லாக் கார்டிலும் தொடரும்.

டென்மார்க் பாதையில் போகிறவர்களுக்கு: திருமணம் செய்ய டென்மார்க் தரும் அனுமதிச் சான்று கிடைத்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும். ஒரு ஒன்றிய நாட்டின் திருமணச் சான்றிதழுக்கு இன்னொரு ஒன்றிய நாட்டில் அப்போஸ்டில் கேட்கக் கூடாது. 2019 பிப்ரவரி 16 முதல் இதுதான் விதி. கவுன்டரில் கேட்டால் 2016/1191 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

டைரக்டிவ் வழியில் கிடைக்கும் வசிப்பு அட்டைதான் ரெசிடென்ஸ் கார்டு. அதற்கு விண்ணப்பிக்க, வந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று மாத அவகாசம் தர வேண்டும். விண்ணப்பித்த சான்று உடனே, கார்டு ஆறு மாதத்துக்குள் என்பது சட்டம். பாஸ்போர்ட், திருமணச் சான்று, துணை அந்நாட்டில் வசிப்பதைக் காட்டும் பதிவுச் சான்று ஆகியவைதான் அடிப்படை. கட்டணம் அந்நாட்டவர் இதேபோன்ற அட்டைக்குக் கொடுப்பதைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து வந்து துணையோடு சேர்கிறவர்களுக்கு நுழைவு வீசா இலவசம்.

இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கார்டு கைக்கு வரும்வரை ஸ்டூடன்ட் பெர்மிட்டை ரத்து செய்யாதீர்கள், முடிந்தால் புதுப்பித்து வையுங்கள். உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, கார்டு அதற்கு அத்தாட்சி மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் விமான நிலைய கவுன்டரில் நிற்பவருக்கு அந்த வாதம் புரியாது. விண்ணப்பச் சான்று பயண ஆவணம் அல்ல. பழைய பெர்மிட் காலாவதியான பிறகு வெளியே போனால், திரும்பி வர வீசா எடுக்க வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற மாணவர் வேலைக் கட்டுப்பாடு, துணைவராக வசிப்புரிமை பெற்ற உங்களுக்குக் கிடையாது. கல்விக் கட்டணத்திலும் அந்நாட்டவருக்குச் சமமாக நடத்த வேண்டும். பல்கலைக்கழகத்தில் கட்டண வகையை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், தானாக மாற்ற மாட்டார்கள். படிப்புக்கான உதவித்தொகை வேறு கணக்கு, அதற்கு விதிவிலக்குகள் உண்டு.

யாரும் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிந்த பிறகும் வசிப்புரிமை தொடர, பொதுவாக விவாகரத்து வழக்கு தொடங்குவதற்கு முன் கல்யாணம் மூன்று ஆண்டு நீடித்திருக்க வேண்டும், அதில் ஓராண்டு அந்த நாட்டில். துணை முதலில் நாட்டை விட்டுப் போய், வழக்கு பிறகு தொடங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று 2015இல் ஒரு தீர்ப்பு வந்தது. துணை கிளம்புவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடும் உண்டு. இழுத்தடித்தால் சொல்விட் என்ற இலவச ஐரோப்பியச் சேவைக்கு எழுதலாம். பத்து வாரத்துக்குள் தீர்ப்பது அவர்கள் இலக்கு. நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அவர்கள் கைவைக்க மாட்டார்கள். மேல்முறையீட்டுக் காலக்கெடு சொல்விட்டுக்காக நிற்காது.

நிரந்தர வசிப்புக்கு ஐந்து ஆண்டு. தனியாக மாணவராக இருந்த ஆண்டுகள் இதில் சேராது. துணைவராக அவரோடு அந்த நாட்டில் வாழத் தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணிக்கை, கார்டில் அச்சிட்ட தேதியிலிருந்து அல்ல. அதனால் முதல் முகவரிப் பதிவு, முதல் வாடகை ஒப்பந்தம், துணையின் முதல் சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.